மூன்றுக்கு அடுத்து ஐந்து

நாங்கள் வேலைக்கு வரவேண்டிய நேரம் விடிகாலை நாலரை. எங்கள் முதலாளி மாக் அதை "அஞ்சுக்கு அரை மணி முன்னாடி" என்றுதான் சொல்வார். நாலு என்ற சொல் அவர் வாயில் வராது. எங்கள் சீனப் பேச்சில் நாலுக்கும் சாவுக்கும் ஒலி ஏறக்குறைய ஒன்றுதான், கொஞ்சம் இழுப்புதான் வேறு. வீட்டில் நாங்கள் நாலு முட்டை வாங்குகிறோம், நாலாவது பிள்ளையை நாலாமவன் என்றே கூப்பிடுகிறோம், அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. ஆனால் மாக்கின் வேலைத்தளத்தில் அந்த எண்ணை யாரும் வாயால் சொல்லக் கூடாது.

நவம்பர் மாதத்தில் மலைச்சாலையில் பனி இறங்கியிருக்கும். ராத்திரி முழுக்க நனைந்த இரும்புத் தகட்டைக் கையால் தொட்டால் எலும்பு வரைக்கும் குளிர் ஏறும். நேற்று ஓடிய கார்களின் பெட்ரோல் நாற்றமும் கருகிய டயர் நாற்றமும் தாரில் அப்படியே கிடக்கும். போர்த்துகீசியர் ஆளும் எங்கள் மக்காவ் நகரத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, நாலு நாள், ஊரின் தெருக்களே பந்தயப் பாதை. பகலில் கார்கள் பறக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு அதே சாலையில் பஸ் ஓடும், பிள்ளைகள் டியூஷனிலிருந்து திரும்பும். அதனால் பாதையோரத்து இரும்பு வேலியில், சந்துகள் வந்து முட்டும் இடங்களிலெல்லாம் திறந்து மூடுகிற கேட் உண்டு. இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஆள் நீளமுள்ள கனத்த தகடு அது. விடிகாலையில் அதைத் தோள் கொடுத்துத் தள்ளி, தூணோடு பொருத்தி, மணிக்கட்டுப் பருமனுள்ள ஒரு கடையாணியை இறக்கி, போல்ட்டுகளை முறுக்க வேண்டும். கேட் எண்ணிக்கைக்கு ஆள் எண்ணிக்கை சரி. ஒவ்வொருவரின் கடையாணியும் அவரவர் பொறுப்பு. ராத்திரி அதைத் துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்துப் போவோம், தொலைத்தால் வேலை போய்விடும்.

மலைச்சாலைப் பகுதியில் நாங்கள் ஏழு பேர். மாக் வேலிக்கடியில் மண்தெய்வத்துக்கு மூன்று ஊதுவத்தி ஏற்றிவிட்டு, "எண்ணுங்க!" என்பார்.

"ஒண்ணு!" இது பூன் கீ. ஊரை விற்கிற வாய்.

"ரெண்டு!"

"மூணு!"

"அஞ்சு!" இது ஹோ திம். வரிசையில் நாலாவது ஆள்.

"ஆறு!" இது நான், யுக். வரிசையில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி.

அப்படியே ஏழு, எட்டு. ஏழு தலைக்கு எட்டு எண். கேட்களிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றுதான் மாக் சிவப்பு பெயிண்ட்டில் எழுதியிருந்தார். கடைசி எண் எட்டு என்பதில் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். எங்கள் ஊரில் எட்டு செல்வம் கொழிக்கிற எண். அதோடு, பந்தய அலுவலகத்தில் எட்டுச் சோற்றுப் பொட்டலம் வாங்கி ஏழு பேருக்குக் கொடுத்துவிட்டு எட்டாவதை அவருடைய டிரைவர் தின்பான். "நம்ம முதலாளி பயப்படுற பேய்கூட வயிறார சாப்பிடுது" என்று பூன் கீ சொல்லிச் சிரிப்பான்.

பதினோரு வருஷம் இப்படித்தான் போனது. அலுவலக வரைபடத்தில் எங்கள் கேட்கள் ஒன்று முதல் ஏழு வரை. எங்களுக்கு ஒன்று முதல் எட்டு, நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குப் பாலம் போட்டவர் அலுவலக மொழிபெயர்ப்பாளர் அடெலினோ. பாதி போர்த்துகீசியர், பாதி எங்களவர். ரேடியோவில் பாதைப் பொறுப்பாளரான போர்த்துகீசியத் துரை "ஐந்து" என்றால் எங்களிடம் "ஆறு" என்று மாற்றிச் சொல்வார். இந்த வருஷம் அவரை நேரம் குறிக்கும் கோபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள். லிஸ்பனிலிருந்து ஒரு புதுத் துரை வந்தார். போகும்போது அடெலினோ மாக்கிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்: "எண் விஷயத்தப் புதுத் துரைகிட்ட சொல்லிடுங்க. இல்லேன்னா ரேடியோவில வர்றத நீங்களே மாத்திச் சொல்லணும்." மாக் தலையாட்டினார். நானே பார்த்தேன்.

வியாழக்கிழமை முதலாவது ஒத்திகை ஓட்டம். ஒரு கார் வளைவைத் தாண்டி வந்து என் கேட்டை உரசிக்கொண்டு போனது. ஒரு போல்ட் தளர்ந்து ஆடியது. என் கண் முன்னாலேயே ஆடியது. கொடிக்காரன் என் கேட்டுக்கு முன்னால் மஞ்சள் கொடியை வீச ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும் கார்கள் வேகத்தைக் குறைக்கும், நான் பாதைப் பக்கம் இறங்கி முறுக்கலாம். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உத்தரவுக்குக் காத்திருந்தேன். உத்தரவில்லாமல் இறங்கக் கூடாது.

மாக்கின் ஒலிபெருக்கிக் குழல் கத்தியது. "அஞ்சு! அஞ்சுல போல்ட் லூசு! பாதை நின்னாச்சு, எறங்கு!"

துரை சொன்ன ஐந்து என்னுடைய கேட். மாக் அப்படியே சொன்ன ஐந்து திம்முடைய கேட். திம் வளைவுக்கு முன்னாலேயே இருந்தார். அங்கே மஞ்சள் கொடி கிடையாது.

அவர் வேலியைத் தாண்டி இறங்குவதை நான் பார்த்தேன். ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனரால் தட்டிப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. வேலையில் சுத்தமானவர், சும்மா திரும்ப மனம் வரவில்லை. கடையாணியை உருவி, கேட்டைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். "திம் அண்ணே! அங்க இல்ல, இங்க!" என்று கத்தினேன். மலையெல்லாம் இஞ்சின் சத்தம். என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை.

கார் முழு வேகத்தில் வந்து கேட்டின் முனையை இடித்தது. கடையாணி இல்லாத கேட் சுழன்று, தூணுக்கும் தகட்டுக்கும் நடுவில் அவருடைய வலது காலைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து தள்ளித்தான் அதைப் பிரித்தோம். பெட்ரோல் நாற்றத்தை மீறி ரத்த நாற்றம் வந்தது. இருபது நிமிஷத்தில் பாதையைக் கழுவி, அடுத்த ஓட்டத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நான் என் கேட்டின் போல்ட்டை முறுக்கிக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மாக் எல்லோருக்கும் கையில் கட்டுகிற மஞ்சள் பட்டை கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை பெரிய பந்தயத்துக்கு. வாங்கினதுக்கு இதுல கைநாட்டு வைங்க," என்று போர்த்துகீசிய எழுத்துள்ள ஒரு தாளை நீட்டினார். ஆறு பேரும் கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தோம். என் விரலில் திம்மின் ரத்தம் நகக்கண்ணில் காய்ந்திருந்தது. மையோடு அதுவும் சேர்ந்து பதிந்திருக்கும்.

வெள்ளி விடிகாலையில் புது பெயிண்ட் வாசனை அடித்தது. கேட்களில் எண்கள் மாறியிருந்தன. திம்மின் கேட்டில் கொழுத்த சிவப்பில் 4. என்னுடையதில் 5. கடைசியில் 7. பதினோரு வருஷமாக அந்த எண்ணைக் காதால் கேட்கவே பயந்த மனிதர், ராவோடு ராவாகத் தன் கையாலேயே அதை எழுதியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. எங்களைக் காப்பாற்ற வராத எண் அவரைக் காப்பாற்ற மட்டும் வந்துவிட்டது.

திம்மின் இடத்துக்கு ஒரு புது ஆளையும் கொண்டுவந்திருந்தார். லியோங் ஹோய் என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், நரைத்த தலை, வாய் திறக்காத ஆள். அக்கரைச் சீனாவிலிருந்து படகில் வந்தவர், இங்கே தங்குவதற்கான பத்திரம் கையில் கிடையாது. போலீஸ்காரன் ஒரு கேள்வி கேட்டால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவான். மாக்குக்கு அப்படிப்பட்ட ஆள்தான் பிடிக்கும். அன்றும் மறுநாளும் மாக் எங்களை எண்ணச் சொல்லவில்லை.

வேலை முடிந்து நானும் பூன் கீயும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திம்மின் மனைவி அ-லிங் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"மாக் ஆள் அனுப்பினான்," என்றாள். "திங்கக்கெழமைக்குள்ள நாங்க குடியிருக்கிற கொட்டகைய காலி பண்ணணுமாம். வேல செய்றவனுக்குத்தான் கொட்டகையாம்."

எங்கள் ஊரில் வேலையை விட்டுத் துரத்துவதைக் கணவாய் மீன் வறுப்பது என்போம். சூடான சட்டியில் போட்ட கணவாய் பாயைச் சுருட்டியதுபோலச் சுருண்டுகொள்ளும். ஆனால் கால் வெட்டிய மறுநாளே வறுத்து நான் பார்த்ததில்லை.

திம் கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார்.

"யுக், அஞ்சுன்னுதானே சொன்னாங்க?"

"அஞ்சுன்னுதான் சொன்னாங்க அண்ணே."

"நான் நின்னது அஞ்சுதானே?"

"அஞ்சுதான்."

"அப்ப நான் எங்க தப்பு பண்ணேன்? நேத்துலேர்ந்து எண்ணிப் பாக்குறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. சரியாத்தான் வருது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பூன் கீ, எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வெளியே வராந்தாவில் அடெலினோ காத்திருந்தார். தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னதா எங்கயும் சொல்லிடாதீங்க. நேத்து நீங்க கைநாட்டு வச்சது பட்டைக்கு இல்ல. ஹோ திம் குடிச்சிருந்தான், வேண்டாம்னு தடுத்தும் கேக்காம பாதையில எறங்கினான், அத ஆறு பேரும் கண்ணால பாத்தோம்னு எழுதியிருக்கு. அந்தத் தாள் நிக்கிற வரைக்கும் அவருக்கு நஷ்டஈடு எதுவும் கெடைக்காது. பொய்க்கால் வச்சுக்கக்கூட வழியில்ல."

நான் என் கட்டை விரலைப் பார்த்தேன். மை இன்னும் போகவில்லை. பாறாங்கல்லைத் தூக்கியிருக்கிறேன், மணல் மூட்டை சுமந்திருக்கிறேன், இந்தக் கை இப்படி ஒரு பாவத்தைச் செய்ததில்லை. வீட்டில் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்ததுதான் மிச்சம்.

சனிக்கிழமை மதிய இடைவேளையில் மாக்கைச் சுற்றி நின்றோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, அந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"உனக்கு எப்ப எழுத்து தெரிஞ்சுது?"

"தெரியாததாலதான் கேக்குறேன். திம் அண்ணன் குடிச்சிருந்தார்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீ சொல்லல. ஒன் கட்டை விரல் சொல்லுது."

பூன் கீ முன்னால் வந்தான். "கேட்ல நம்பர மாத்தினது யாரு?"

"யாரு மாத்தினா? எப்பவும் இப்படித்தான் இருந்துச்சு. மங்கிப்போச்சு, பெயிண்ட் பூசச் சொன்னேன்."

"பதினோரு வருஷமா நாங்க எண்ணினது?"

"யாரு கேட்டா? எவன் சாட்சி?" மாக் கோப்பையை வைத்தார். "இங்க பாருங்க. அவன் கால் போனதுல எனக்கு வருத்தம் இல்லேன்னு நெனைக்காதீங்க. அவனுக்காக ஊதுவத்தி ஏத்தினேன். ஆனா எண்ணத் தெரியாதவனுக்காக நான் தெருவுல நிக்க முடியாது. நாளைக்கு ஆறு மணிக்கு முன்னாடி துரை வந்து நேர்ல பாக்கப்போறாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு..." அவர் மண்தெய்வத்து ஊதுவத்திப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மூணு, நாலுன்னு ஒழுங்கா எண்ணணும். தப்பா எண்ணுறவன் அங்கயே பாயச் சுருட்டலாம். படகுத்துறையில இருநூறு பேர் நிக்கிறான்."

நாங்கள் திரும்பினோம். ஊமை கண்ட கனவை யாரிடம் போய்ச் சொல்வது? எழுத்து அவர் பக்கம், எங்கள் விரலும் அவர் பக்கம், இப்போது எண்களும் அவர் பக்கம். எங்களிடம் மிச்சமிருந்தது வாய் மட்டும்தான். அதையும் நாளைக்குக் கேட்கிறார்.

கஞ்சிக் கடையில் லியோங் ஹோய் தனியாக உட்கார்ந்திருந்தார். மாக் கொடுத்த கையுறைகளை மேசையில் வைத்திருந்தார். கட்டை விரல் கிழிந்து, கறுப்பு நூலால் தைத்த கையுறை.

"இது யாரோடது?" என்று கேட்டார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு.

"அஞ்சாம் நம்பரோடது," என்றான் பூன் கீ.

"என்னை நாலுன்னு சொல்லச் சொன்னாங்க."

பூன் கீ நடந்ததையெல்லாம் சொன்னான். நான் கைநாட்டு வைத்ததையும் ஒளிக்காமல் சொன்னேன். லியோங் ஹோய் பொரித்த மாவுக்குச்சியைக் கஞ்சியில் தோய்த்துச் சாப்பிட்டபடியே கேட்டார். முடித்துவிட்டுக் கிண்ணத்தைத் துடைத்து வைத்து எழுந்து போய்விட்டார்.

"நாளைக்கு நாம பழையபடி எண்ணுவோம்," என்றேன். "மூணுக்கு அடுத்து அஞ்சு. துரை காதுல விழட்டும்."

"மூணு வரைக்கும் எல்லாரும் எண்ணுறது ஒண்ணுதானே, யுக். மாத்திச் சொல்லவேண்டிய மொத ஆளு அந்த மனுஷன். அவரு நாலுன்னுட்டா நாம என்ன சொன்னாலும் பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கும்."

"கேட்டுப் பாப்போமா?"

"எந்த மொகத்தோட? பேப்பர் இருக்கிற நாமளே விரல வச்சுட்டோம். பத்திரமில்லாதவர வாயத் தொறன்னு எப்படிச் சொல்றது?"

அவன் சொன்னது நியாயம். நாங்கள் கேட்கவில்லை. அன்று ராத்திரி நான் கடையாணியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தேன்.

ஞாயிறு விடிகாலை. வழக்கத்தைவிடக் கனத்த பனி. கீழே ஊரில் ஜனங்கள் இப்போதே இடம் பிடிக்க வந்துகொண்டிருந்தார்கள். கேட்கள் ஏழும் திறந்து கிடந்தன. நாங்கள் வரிசையில் நின்றோம். ஆளுக்கொரு கடையாணி கையில். துரை கனத்த மேற்சட்டையோடு வரைபடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். மொழிபெயர்க்க அடெலினோவைக் கோபுரத்திலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாக் ஊதுவத்தி ஏற்றினார். அன்று ஆறு வத்தி ஏற்றினார்.

"எண்ணுங்க!"

"ஒண்ணு!" பூன் கீயின் குரல் மலையில் மோதித் திரும்பியது.

"ரெண்டு!"

"மூணு!"

அடுத்த குரல் வரவில்லை. லியோங் ஹோய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாக் ஒரு அடி முன்னால் வந்தார். "எண்ணு," என்று பல்லைக் கடித்தார். பாவம், அவர் நாலு என்று சொன்னால் நான் அவரை நொந்துகொள்ள மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் கிழிந்த கையுறைக்குள் விரலை நன்றாக நுழைத்துக்கொண்டார்.

"அஞ்சு," என்றார்.

"ஆறு!" என்று நான் கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் பிள்ளை பெற்றபோதுகூடக் கத்தியதில்லை.

"ஏழு!"

"எட்டு!"

துரை வரைபடத்தைப் பார்த்தார். பிறகு விரலால் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அடெலினோவிடம் ஏதோ கேட்டார்.

மாக் முந்திக்கொண்டார். "தூக்கக் கலக்கம், துரைகிட்ட சொல்லுங்க. எண்ணத் தெரியாத ஜனங்க."

அடெலினோ தொப்பியைக் கழற்றினார். பிறகு மாக் சொன்னதை விட்டுவிட்டு, போர்த்துகீசியத்தில் நீளமாகப் பேச ஆரம்பித்தார். எங்களுக்குப் புரிந்தது இடையிடையே வந்த திம்மின் பெயர் மட்டும்தான். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் என் கேட்டுக்குப் போய், கடையாணியின் முனையால் புது பெயிண்ட்டைச் சுரண்டினேன். 5-க்கு அடியிலிருந்து பழைய 6 கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. பூன் கீ திம்மின் கேட்டைச் சுரண்டினான். 4-க்கு அடியில் 5.

துரை கிட்டே வந்து பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. அடெலினோ திரும்பிச் சொன்னார்:

"பந்தயம் முடிஞ்சதும் விசாரிக்கிறாராம். இப்ப கேட்ட மூடச் சொல்றாரு."

"பந்தயம் முடிஞ்சா கேட்டும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம்," என்றான் பூன் கீ. "அந்தப் பேப்பர இங்க கொண்டுவரச் சொல்லுங்க. நம்ம பேச்சுல வாசிச்சுக் காட்டட்டும். பொய்ய அடிச்சுட்டு நடந்தத எழுதட்டும். அப்புறம் மூடுறோம்."

"டேய், இது ஒலகம் பாக்குற பந்தயம்டா!" என்று மாக் கத்தினார். "போலீஸக் கூப்பிடுவேன்! இந்தக் கெழவனுக்குப் பத்திரம்கூட இல்ல, தெரியுமா?"

ஏழாம் எண்காரி லியோங் ஹோயின் இடது பக்கம் வந்து நின்றாள். மூன்றாம் எண்காரன் வலது பக்கம். நான் அவருக்கு முன்னால் போய் நின்றேன். கடையாணிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டோம். போலீஸ் வரும், வேலை போகும், கொட்டகை போகும், எல்லாம் தெரியும். துரை ரேடியோவில் யாரிடமோ பேச ஆரம்பித்தார். நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அடெலினோவுக்கே தெரியவில்லை.

கேட் மூடவேண்டிய ஆறு மணிச் சங்கு ஊதியது. ஏழு கேட்களும் திறந்தே கிடந்தன. அந்த நேரம் பார்த்துச் சோற்று வண்டி வந்து, வழக்கம்போல எட்டுப் பொட்டலத்தை இறக்கியது. மாக்கின் டிரைவர் வழக்கம்போல எட்டாவதுக்குக் கை நீட்டினான்.

லியோங் ஹோய் அதை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது ஆஸ்பத்திரிக்கு," என்றார்.